ஒன்றரைப் பங்கு

1981 ஜனவரி 3. அச்சகத்தின் பழைய எழுத்து ஈயம், முப்பது பவுண்டு: ஆறு டாலர்.
1981 பிப்ரவரி 5. ஆர்லோ க்வாமுக்குத் தோட்டாக் குண்டுகள், நூறு: காசு வாங்கவில்லை.
1981 பிப்ரவரி 19. ஆர்லோவின் புருவத்தில் நான்கு தையல்: அறுபத்தெட்டு டாலர்.
1981 ஜூன் 20. ஆர்லோவின் கார் விற்றது: எண்ணூற்றைம்பது டாலர்.
1981 ஜூலை 31. ஆர்லோவின் வீடு விற்றது: இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு டாலர்.

இந்த ஐந்தில் முதல் இரண்டு மட்டும்தான் வில்மர் ராஷ் சம்பந்தப்பட்டவை என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். ஐந்துமே அவரைச் சேர்ந்தவை. எங்கே பிசகியது என்று வில்மருக்கு அந்த ஏப்ரல் மாதமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

விஸ்கான்சின் ஆற்றங்கரையில் காகித ஆலைகள் நிறைந்த ஊர் அது. ஆலைகளுக்கு உருளை கடைந்து தரும் தொழிற்சாலையில் வில்மர் முப்பத்து நான்கு ஆண்டுகள் அளவுப் பரிசோதகராக இருந்தார். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒன்றை அவர் பங்கு என்பார். இரண்டு பங்கு பிசகினால் போதும், உருளையின் மேல் சிவப்புச் சாயம் பூசி ஓரமாகத் தள்ளிவிடுவார். கடைந்தது முதலாளியின் மைத்துனனாக இருந்தாலும் விடமாட்டார். ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை செய்தவர்கள் ஒரு டப்பா சிவப்புச் சாயத்துக்கு ரிப்பன் கட்டிப் பரிசாகக் கொடுத்தார்கள். கிண்டல் என்று தெரிந்தும் அதைப் பெருமையாகவே வாங்கிக்கொண்டார். துப்பாக்கிக் கிளப்பில் அவருக்குப் பெயரே பங்கு என்றாகிவிட்டது.

ஆர்லோ க்வாம் எதிர்வீட்டுக்காரர். மாட்டுத் தீவன லாரி ஓட்டியவர், மனைவியை இழந்தவர், வாய் ஓயாதவர். போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து திரும்பியபோது ஒரு கைத்துப்பாக்கியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். குளிர்காலத்தில் வியாழக்கிழமை தோறும் கிளப்பின் நிலவறையில் நடக்கும் குறிசுடும் போட்டிக்கு எல்லோரும் பளபளக்கும் புதுத் துப்பாக்கி கொண்டுவருவார்கள். ஆர்லோ மட்டும் அந்தப் பழையதை விடமாட்டார்.

அந்தத் துப்பாக்கியின் குழல் தேய்ந்து அகன்றுபோயிருந்தது. கடையில் விற்கும் குண்டு முந்நூற்றைம்பத்தைந்து பங்கு தடிமன். அது இந்தக் குழலுக்குள் லொடலொடவென்று ஆடிப் போய், எதிரே உள்ள காகிதத்தில் பக்கவாட்டில் மோதி, சாவித் துவாரம் போல ஓட்டை போடும். வில்மர் ஒருமுறை மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலில் தட்டி மறுபக்கம் எடுத்து அளந்தார். முந்நூற்றைம்பத்தாறரை. குழலைவிடக் குண்டு மயிரிழை தடிமனாக இருந்தால்தான் பக்கத்தில் புகை கசியாமல் நேராகப் பறக்கும். அதனால் முந்நூற்றைம்பத்தேழு பங்கில் குண்டு வார்த்துத் தர ஆரம்பித்தார். பதின்மூன்று குளிர்காலம் அப்படியே போனது. ஆர்லோவின் காகிதத்தில் ஓட்டைகள் வட்டமாக விழுந்தன.

குண்டு மட்டும்தான் தருவார். பித்தளைக் கூட்டில் வெடிமருந்து போட்டு, குண்டைப் பொருத்தித் தோட்டாவாக்குவது ஆர்லோவின் வேலை. ஒருவன் அடைத்த தோட்டாவை இன்னொருவன் சுடக்கூடாது என்பது தோட்டா அடைப்பவர்களிடையே எழுதாத சட்டம். கொடுப்பவனுக்கும் அவமானம், கேட்பவனுக்கும் அவமானம். அடுத்தவன் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கடன் கேட்பது போல.

ஆனாலும் அந்த ஆண்டு ஆர்லோ கேட்டார். குண்டு வாங்க வந்தவர், காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"இந்த ஒரு தடவை நீயே அடைச்சுக் குடுத்துடேன், பங்கு. என் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"குண்டு தர்றேன். அடைக்கிறது உன் கை."

"உன் பொண்டாட்டி எப்படித்தான் உன்கூட நாப்பது வருஷம் குப்பை கொட்டினாளோ."

அடுப்படியிலிருந்து லவோன், முப்பத்தொன்பதுதான், நாற்பதாவதை இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். வில்மர் காபி டப்பாவிலிருந்து நூறு குண்டை எண்ணிக் கொடுத்தார். தான் சட்டத்தை மீறவில்லை என்று அவருக்கு மனசு நிறைவாக இருந்தது.

அந்தக் குண்டுகள் வழக்கமான ஈயத்தில் வார்த்தவை அல்ல. ஊர்ப் பத்திரிகை அச்சகம் புது முறைக்கு மாறி, பழைய ஈய எழுத்துகளை மூட்டை மூட்டையாகத் தள்ளிவிட்டது. வில்மர் முப்பது பவுண்டு வாங்கினார். கெட்டியான உலோகம், வார்த்தால் கண்ணாடி போல மின்னும். ஜனவரி நடுவில் வார்த்து, அளவு வளையத்தில் அழுத்தி எடுத்து, அன்றே பத்துக் குண்டை அளந்தார். முந்நூற்றைம்பத்தேழு. எழுதி வைத்துக்கொண்டார். கெட்டி ஈயம் குளிர்ந்த பிறகும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. கடைசல் பட்டறையில் இரும்பு அப்படிச் செய்வதில்லை. மூன்று வாரம் கழித்து ஆர்லோவுக்கு எண்ணிக் கொடுத்தபோது ஒன்றைக்கூட அவர் மறுபடி அளக்கவில்லை. ஜனவரியில் எழுதியது பிப்ரவரிக்கும் போதும் என்று நினைத்தார்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி சுடும் வரிசையில் ஆர்லோ வில்மருக்கு இடப்பக்கம் நின்றார். இரண்டு தோட்டா வெடித்தது. மூன்றாவது முழுசாக உள்ளே போகாமல் நின்றது. ஆர்லோ கட்டைவிரலால் பின்பக்கத்தைத் தட்டி ஏற்றினார். எல்லோரும் செய்வதுதான். அடுத்து வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. கைப்பிடியின் ஓடு இரண்டாகப் பிளந்தது, துப்பாக்கியின் மேல் தகடு கூரைப் பலகையில் போய் மோதியது, ஆர்லோவின் புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து கண்ணை மூடியது.

கிளப் பொறுப்பாளர் ஃப்ளாய்ட் ஷுமாக்கர் எல்லோரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கிழிந்த பித்தளைக் கூட்டை எடுத்து வில்மரிடம் நீட்டினார்.

"நீ பாரு, பங்கு. நீ சொன்னாத்தான் சரி."

வில்மர் அதை விளக்குக்கு அடியில் பிடித்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இரட்டை மருந்து," என்றார்.

அப்படித்தான் தோன்றியது. கூடு கிழிந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஒரே கூட்டில் தெரியாமல் இரண்டு தடவை மருந்து போட்டுவிடுவது கவனம் தப்பியவன் செய்யும் காரியம். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்த ஆர்லோவும் தலையாட்டினார்.

"என் கண்ணுதான். காபில சர்க்கரையை ரெண்டு தடவை போட்டாலும் தையல் போட வேண்டியதில்ல. இதுக்குத்தான் போடணும்."

ஆஸ்பத்திரிக்கு வில்மர்தான் காரோட்டினார். மறுநாள் மீதித் தோட்டாக்களையும், துப்பாக்கியிலிருந்து கழற்றிய குழலையும் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தோட்டாக்களைப் பிரித்துப் போட்டுவிடச் சொன்னார். தான் இனி எதையும் அடைக்கப் போவதில்லை என்றார்.

அதற்குப் பிறகு ஆர்லோ தன்னைத்தானே நம்புவதை விட்டுவிட்டார். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுவார். பொழுது சாய்ந்த பிறகு கார் ஓட்டுவதை நிறுத்தினார், பிறகு பகலிலும் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வில்மரும் லவோனும்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அரிசோனாவில் இருந்த மகள் ஜானிஸ் வாரம் இரண்டு முறை போன் செய்தாள். துப்பாக்கி மருந்திலேயே கவனம் தப்பினால் சாலையில் என்ன ஆகும் என்று அவள் கேட்டாளாம்.

செருப்புப் பெட்டி வில்மரின் பட்டறை அலமாரியில் ஏப்ரல் வரை கிடந்தது. ஒரு மழைநாளில் எடுத்தார். தோட்டாவைச் சுத்தியல் போன்ற கருவியில் மாட்டித் தரையில் தட்டினால் குண்டு தனியாகவும் மருந்து தனியாகவும் விழும். முதல் தோட்டாவின் மருந்தைத் தராசில் போட்டார். சரியாக இருந்தது. இரண்டாவது சரி, மூன்றாவதும் சரி. இருபதைப் பிரித்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரன் பொடி நிறுப்பது போல அவ்வளவு சீராக இருந்தது ஒவ்வொன்றும். கண் தெரியாதவன் அடைத்ததல்ல.

தராசைத் தள்ளி வைத்துவிட்டுக் குண்டு ஒன்றை மைக்ரோமீட்டரில் பிடித்தார். முந்நூற்றைம்பத்தெட்டரை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அதே. மைக்ரோமீட்டரைத் துடைத்து, அளவுக் கட்டையில் வைத்துச் சரிபார்த்து, மறுபடி அளந்தார். தன் டப்பாவில் மிச்சமிருந்தவற்றையும் அளந்தார். எல்லாமே ஒன்றரைப் பங்கு கூடுதல். பிரிக்காத தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஆர்லோவின் குழலில் போட்டார். சரியான தோட்டா டொக்கென்று உள்ளே விழ வேண்டும். இவை நகம் நுழையும் அளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கட்டைவிரலால் அழுத்தினால் இறுகிக்கொண்டு போயின. அப்படி இறுகிய கூட்டிலிருந்து குண்டு விடுபட வழியில்லை. மருந்து சரியாக இருந்தாலும் அழுத்தம் எங்காவது கிழித்துக்கொண்டுதான் வெளியேறும்.

அடைத்த தோட்டாவைக் குழலில் போட்டுப் பார்ப்பது முதல் பாடம். ஆர்லோ அதைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று வில்மருக்குத் தெரியும். பதின்மூன்று ஆண்டுகளாகப் பங்கு கொடுத்த குண்டை அவர் சோதித்ததே இல்லை.

அன்றே தெருவைக் கடந்து போயிருக்க வேண்டும். வில்மர் போகவில்லை. வெடித்த அந்த ஒரு தோட்டாவில் மட்டும் மருந்து இரட்டையாக இருந்திருக்கலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். ஈயம் பருத்ததா, அல்லது ஜனவரியில் தான் தப்பாக அளந்தோமா என்பதும் தெரிய வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மே இரண்டாம் தேதி அதே அச்சக ஈயத்தில் புதிதாக வார்த்து, வளையத்தில் அழுத்தி, சனிக்கிழமை தோறும் அளந்தார். இதற்கிடையே ஆர்லோ காபி குடிக்க வருவார். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வில்மர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் அடுக்குவார். கோப்பை காலியாகும், ஆர்லோ எழுந்து போவார், வாக்கியம் அப்படியே இருக்கும். குண்டு வாராவாரம் பருத்தது. சந்தேகமே இல்லை என்று ஆன சனிக்கிழமையன்றுதான் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் ஆர்லோவின் காருக்குப் பணம் எண்ணிக் கொடுத்து ஓட்டிப் போனான். வில்மர் பட்டறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், மைக்ரோமீட்டர் கையில் இருந்தது.

இனிச் சொல்லி என்ன ஆகும் என்று நினைத்தார். ஜூலையில் ஆர்லோவின் வீட்டை வாங்க ஆள் வந்து பார்த்தபோதும் அதையே நினைத்தார்.

ஆகஸ்ட் முதல் தேதி, அரிசோனாவுக்குப் போகும் ஆர்லோவின் சாமான்களை ஏற்ற வில்மரும் போனார். மகள் ஜானிஸ் வந்திருந்தாள். ஆர்லோ வாசலில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, எது எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்காத உத்தரவுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். சோபாவின் ஒரு முனையை வில்மரும் மறு முனையை ஜானிஸும் பிடித்தார்கள். கூடத்துத் திருப்பத்தில் அவள் நின்று, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும், வில்மர் மாமா. அன்னைக்கு நீங்க பட்டுனு உண்மையைச் சொல்லாட்டா அப்பா ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டார். என் பேச்சை எப்பக் கேட்டார் அவர்."

வில்மர் தலையைத் திருப்பினார். வாசலில் ஆர்லோவின் முதுகு தெரிந்தது.

"அந்தக் கால் ஆடுது," என்றார். "பாத்துத் தூக்கும்மா."

குளிர்காலம் வந்தது. வில்மர் முழங்கால் வலி என்று சொல்லி வியாழக்கிழமைப் போட்டிக்குப் போகவில்லை. அச்சக ஈயம் முழுவதையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். எதிர்வீட்டில் புதிதாக வந்தவர்கள் கதவுக்கு நீலம் அடித்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் பனி அள்ளுவதற்கு வில்மர் பழகிக்கொண்டார்.

ஆர்லோவிடமிருந்து கடிதங்கள் வந்தன. பென்சிலில், கோணல் மாணலாக, சிரிக்கச் சிரிக்க எழுதியிருப்பார். இங்கே ஆறு என்று ஒன்றைக் காட்டினார்கள், உள்ளே இறங்கி நடந்தேன், செருப்பு நனையவில்லை என்று ஒன்றில் இருந்தது. ஜனவரியில் வந்ததை லவோன் சத்தமாகப் படித்தாள். "இப்பல்லாம் ரத்த அழுத்த மாத்திரையைக்கூட ஜானிஸ்தான் எண்ணிக் குடுக்கிறா. குடுத்தா நான் ரெட்டையா போட்டுக்குவேனாம். அவ சொல்றதுலயும் தப்பில்ல, கூட்டுலயே ரெட்டையா போட்டவன்தானே."

லவோன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என்ன என்று கேட்டாள். வில்மர் சொன்னார். தராசு, குழல், மே மாதத்து வார்ப்பு, ஒன்றரைப் பங்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"எப்ப தெரியும்?"

"ஏப்ரல்ல."

"போன ஏப்ரலா?"

"உறுதி பண்ணிக்க வேண்டியிருந்தது."

"வேற எவனாவது கடைஞ்ச உருளையா இருந்தா அன்னைக்கே சாயம் பூசியிருப்ப, வில்மர். இது உன் உருளை. அதான் ஏழு வாரம் வெச்சு அளந்தே."

அன்று சாயங்காலம் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான்கு பக்கம் வந்தது. ஈயத்தில் கலந்த உலோகங்கள், வாரவாரியாக அளவுகள், குழலின் குறுக்கு வெட்டுப் படம் ஒன்று. லவோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"இதுல மன்னிப்பு எந்தப் பக்கத்துல இருக்கு?"

அதைக் கிழித்துவிட்டு ஒரே பக்கம் எழுதினார். உன் மருந்து சரியாக இருந்தது. என் குண்டு தடித்திருந்தது. அன்று அளக்காமல் சொன்னேன். ஏப்ரலில் தெரிந்தும் சொல்லவில்லை. உன் கண்ணிலும் கையிலும் எந்தக் குறையும் இல்லை. என்னை மன்னிக்க வேண்டும். இவ்வளவுதான் இருந்தது. அஞ்சல் பெட்டியில் போட்ட பிறகும் அதன் மூடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த வியாழக்கிழமை கிளப்புக்குப் போய் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னார். ஒருவர் பியர் ஊற்றிக் கொடுத்தார். ஃப்ளாய்ட் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"உள்ள போகாத தோட்டாவைத் தட்டி ஏத்தினது அவன்தானேப்பா. அது யார் தப்பு?"

"என் அளவை நம்பித் தட்டினான்," என்றார் வில்மர். பியரைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பென்சில் எழுத்துதான், ஆனால் இந்த முறை வரிகள் நேராக இருந்தன.

"பங்கு, உன் கடுதாசியை நானே படிச்சேன். ஜானிஸ் படிச்சுக் காட்டறேன்னா, வேண்டாம்னுட்டேன். படிச்சு முடிச்சுட்டு அவகிட்ட குடுத்தேன். மறுநாள் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. லேசா புரை இருக்காம், ஆபரேஷன் பண்ணினா கார் ஓட்டலாமாம். மாத்திரை டப்பா இப்ப என் மேஜை மேல இருக்கு. குண்டு தடிச்சதுக்கு உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஈயம் பருக்கும்னு எனக்கும் தெரியாது. தட்டி ஏத்தினவனும் நான்தான். ஆனா நீ ஏப்ரல்ல தெரிஞ்சுக்கிட்டு ஆகஸ்ட்ல வந்து என் சோபாவைத் தூக்கினே. அந்த நாலு மாசம் எதிர் நாற்காலில உக்காந்து என்கூட காபி குடிச்சே. அதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. யோசிச்சுப் பாத்தேன், இன்னும் தெரியல. லவோனைக் கேட்டதா சொல்லு."

கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முன்பெல்லாம் வெறும் 'ஆ' என்றுதான் போடுவார்.

வில்மர் அதன்பிறகு ஆறு கடிதம் எழுதினார். ஆற்றில் பனி உடைந்ததைப் பற்றி, வெள்ளிக்கிழமை மீன் வறுவலைப் பற்றி, கிளப்புக்குப் புதுக் கூரை போட்டதைப் பற்றி. அளவு எதையும் எழுதவில்லை. ஒன்றும் திரும்பி வரவில்லை, ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆர்லோ கண் ஆபரேஷன் செய்துகொண்டதையும், ஒரு பழைய காரை வாங்கி ஓட்டுவதையும் ஜானிஸின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்தான் தெரிந்துகொண்டார். முழுப் பெயர் போட்ட அந்தப் பதில்தான் ஆர்லோ கையால் எழுதி அவருக்கு வந்த கடைசிக் கடிதம். வந்த தேதி 1982 மார்ச் 12, வெள்ளிக்கிழமை.